வாசி உள்ள காசு

நடுவர் அவர்களே! மந்திரம் சொன்னா பணம் கொட்டுமா என்று எதிரணி நண்பர் கேட்டார். கொட்டியிருக்கிறதய்யா! 7ஆம் நூற்றாண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம். சம்பந்தருக்கும் அப்பருக்கும் தினம் ஒரு பொற்காசு கிடைத்தது என்கிறார் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். அதை வைத்து அடியார்களுக்குச் சோறு. அப்பர் மடத்தில் நேரத்துக்குப் பந்தி. சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன்? சம்பந்தர் காசுக்கு வாசி உண்டு. கடைக்காரன் வட்டம் பிடிச்சுட்டான்! அப்பர் காசுக்குக் கிடையாது. அவர் உழவாரம் பிடித்துக் கோயிலில் புல் செதுக்கியவர், கைத்தொண்டுக்காரர். பிறகு சம்பந்தர் குறை தீரப் பாடி நல்ல காசு பெற்றார். அந்தப் பதிகத்தை மாசக் கடைசியில் எங்கம்மா பாடுவாங்க. பாடி முடிச்சதும் தையல் மிஷினில் போய் உட்காருவாங்க.