பச்சையுடம்பும் வாடிய மனமும்

பிள்ளை பெற்றவளைப் பச்சையுடம்புக்காரி என்று சொல்வது நம் வழக்கம். அந்த உடம்புக்கு வேண்டிய காயமருந்து, பூண்டுக் குழம்பு, வெந்நீர்க் குளியல் யாவற்றையும் நம் பாட்டிமார் ஒழுங்காக வகுத்து வைத்தனர். ஆனால் பெற்ற பிள்ளையைப் பார்த்தும் முகம் மலராமல், காரணம் தெரியாமல் அழுது, பிள்ளை உறங்கும்போதும் உறக்கம் வராமல் கிடந்த தாயை என்னவென்று அழைத்தோம்? காய்ச்சலோடு பிதற்றினால் சன்னி என்றோம். காய்ச்சல் இல்லாவிட்டால் பேய் என்றோம். வாய் பேசாமல் வேலையையும் செய்துகொண்டு உள்ளுக்குள் வாடியவளுக்குப் பெயரே இல்லை. சோம்பேறி என்ற பட்டம் வேண்டுமானால் கிடைத்திருக்கும்!

மேல்நாட்டிலும் நிலைமை அப்படித்தான் இருந்தது. 1858-இல் பாரிசில் லூயி விக்தர் மார்சே என்னும் மருத்துவர், கருவுற்றவர், பிள்ளை பெற்றவர், பாலூட்டுபவர் ஆகிய பெண்களின் மனநோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆயினும் அவர் கண்டவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய பெண்கள். வீட்டில் இருந்தபடியே வாடியவர்கள் மருத்துவர் கண்ணில் படவில்லை. 1968-இல்தான் இலண்டனில் பிரைஸ் பிட் என்பவர் 305 சாதாரணத் தாய்மாரை ஆராய்ந்து, ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்த மனச்சோர்வு இருப்பதை எடுத்துக்காட்டினார்.

அப்போது ஒரு கேள்வி எழுந்தது. இது பட்டணத்துப் பெண்களின் நோய்தானே? தாயும் அத்தையும் சூழ்ந்திருக்கும் நாட்டுப்புறத்தில் இது எப்படி வரும்? நாமும் இவ்வாறே எண்ணியிருப்போம். இதற்கு விடை தேடியவர் ஜான் காக்ஸ் என்னும் மருத்துவர். 1970-களில் அவர் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் பணியாற்றினார். அங்கே பிள்ளை பெற்றவளுக்கு வரும் மனக்கோளாறுக்கு 'அமகிரோ' என்று பெயர். கருவுற்ற காலத்தில் கணவனோ மனைவியோ ஒழுக்கம் தவறியதால் வந்த தண்டனை என்று ஊரார் நம்பினர். நோயோடு பழியும் சேர்ந்தால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? காக்ஸ் 183 பெண்களைக் கண்டார். பின்னர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 105 பெண்களையும் ஆராய்ந்தார். இரண்டையும் ஒப்பிட்டு 1983-இல் எழுதினார். நாட்டுப்புறத்தில் நூற்றுக்குச் சுமார் 10 பேர், நகரத்தில் 13 பேர். பெரிய வேறுபாடு இல்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்றும் உண்டு. தமிழ்நாட்டில் வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அங்கே பிள்ளை பெற்ற பிறகு புதிதாகச் சோர்வுற்றவர்கள் நூற்றுக்கு 11 பேர். எவர் அதிகம் வாடினர்? வருமானம் குறைந்தவர்; ஆணை எதிர்பார்த்த வீட்டில் பெண்ணைப் பெற்றவர்; மாமியாரோடோ பெற்றோரோடோ மனத்தாங்கல் உள்ளவர்; கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவர். வீடு நிறைய ஆள் இருப்பது வேறு, ஒத்தாசைக்கு ஆள் இருப்பது வேறு. "இதுவும் பொட்டையா?" என்று கேட்கும் ஒரு வாய், பத்தியச் சோறு முழுவதையும் வீணாக்கிவிடும் என்பது நம் கருத்து.

நம் மலேசியாவில், சிரம்பான் வட்டாரத்தில் 154 தாய்மாரிடம் செய்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் இந்தியப் பெண்களிடையேதான் இந்நோய் அதிகமாகக் காணப்பட்டது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பால் கட்டிய மார்போடு மரம் வெட்டிய தாய்மாரை அந்நாளில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி, தீர்வுக்கு வருவோம். 1987-இல் காக்சும் அவருடைய துணைவர்களும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டனர். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி அஞ்சினீர்களா என்பவை போன்ற எளிய கேள்விகள். அது தமிழிலும் உண்டு. பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. வந்தது என்றால் அன்றைக்கே அப்பெண்ணை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் இருக்கின்றன.

மருந்தில்லாமலே தேறியவர்களும் பலர். எடின்பரோவில் வீடுதேடி வரும் சுகாதாரத் தாதியர், சோர்வுற்ற தாய்மார் 26 பேரிடம் வாரம் ஒருமுறை அமர்ந்து, எட்டு வாரம் அவர்கள் சொல்வதைக் கேட்டனர். 18 பேர் தேறினர். அவ்வாறு செய்யாத 24 பேரில் தேறியவர் 9 பேரே. இது 1989-இல் வெளிவந்த செய்தி.

பிறகு பாகிஸ்தானில் இராவல்பிண்டியைச் சார்ந்த கிராமங்களில் இதைப் பெரிய அளவில் செய்தனர். அங்கே வீடுவீடாகச் சென்றவர்கள் மருத்துவர்கள் அல்லர். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ச் சுகாதாரப் பெண்கள். மனநோய் என்று சொன்னால் மாமியார் கதவைச் சாத்திவிடுவாள் அல்லவா? ஆகவே பிள்ளை நன்றாக வளர வேண்டும் என்ற பேச்சோடு உள்ளே போனார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கிப் பதினாறு முறை சென்றார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு 53 பேர் சோர்வுற்றே இருந்தனர். இப்பெண்கள் பேசிப் பழகிய தாய்மாரில் 23 பேர். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. தடுப்பூசி போட்டவர் கூடினர். தகப்பன்மாரும் பிள்ளையோடு விளையாடும் நேரம் அந்த வீடுகளில் அதிகமாகியிருந்தது.