விலாசத்துக்குள் ஒரு வம்சம்

நகரத்தார் பெயருக்கு முன் நிற்கும் ஆங்கில எழுத்துகளைக் கண்டு, ‘ஆர்எம்’ என்றால் முன்னோர் இருவர் என்று வெளியூரார் எண்ணிக்கொள்வதுண்டு. ராமநாதன் என்ற ஒருவரைக் குறிக்கும் எழுத்துகள் அவை. தமிழில் ‘ராம.’ என்று சுருக்கியது ஆங்கிலத்தில் ‘ஆர்எம்’ ஆனது. அவ்வாறே ‘சித.’ சிடி ஆனது, ‘பழ.’ பிஎல் ஆனது, ‘அழ.’ ஏஎல் ஆனது. மூதறிஞர் வ.சுப. மாணிக்கனாரின் தலைப்பெழுத்தில் மூலத் தமிழ் வழக்கை அப்படியே காணலாம். திரையுலகின் ஏவி.எம். என்பதிலும் ‘ஏவி’ தந்தை ஆவிச்சி செட்டியாரையும், ‘எம்’ மெய்யப்பரையும் குறிக்கின்றன.

இவ்வெழுத்துகளைப் பெயரிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார். தந்தை முத்தையா, பாட்டனார் சிதம்பரம், பூட்டனார் முத்தையா. தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரிடும் மரபால் இரு பெயர்களே மாறி மாறி வருகின்றன.

பெயர்கள் இப்படித் திரும்பத் திரும்ப வருவதால்தான் விலாசம் என்னும் இந்த முன்னெழுத்து வரிசை இன்றியமையாததாயிற்று. கொண்டுவிற்கப் போன பர்மாவிலும் மலாயாவிலும் கடைக்கு அதுவே பெயர். கடனும் நாணயமும் அதன்மேல் நின்றன. 1926-இல் மலாயாவிலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற ஒரு வழக்கு, ஆர்.எம்.கே.ஆர்.எம். எதிர் எம்.ஆர்.எம்.வி.எல். என்றே சட்ட நூல்களில் பதிவாகியிருக்கிறது.

பெயரின் முன்னால் விலாசம். பின்னால் ‘ஆர்’ என்ற மதிப்பு விகுதி. செட்டியாரில் உள்ள இந்த ‘ஆர்’, நம் ஊரவராக நாம் போற்றும் சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரிலும் உண்டு. எட்டுப் பாடல்கள் தந்த அப்பெருமாட்டிக்குத் தந்தை பெயரோ கணவர் பெயரோ முன்னொட்டாக வரவில்லை. ஊரே அவருக்கு விலாசம்.

நம் குடும்ப விலாசங்களிலோ ஆச்சிமார் பெயர் ஏறவில்லை. கடைகளை நடத்தியவர்கள் கடல் கடந்திருந்த ஆண்டுகளில், வீட்டையும் பிள்ளைகளையும் உறவுகளையும் காத்தவர்கள் அவர்கள். இம்மலரைப் படிக்கும் இளையோர், பெரியவர்கள் இருக்கும்போதே தம் விலாசத்தை விரித்து எழுதி வைக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய ஐயாவின் பெயருக்கு எதிரே, அவருடன் வாழ்ந்த ஆச்சியின் பெயரையும் பிறந்த ஊரையும் எழுதுங்கள். அப்போதுதான் அது வம்ச வரலாறாக முழுமை பெறும்.