ஆர்ட்டீமியாவை உயிரோடு வைத்திருப்பது எப்படி?

கிளிநொச்சியில், போரில் கணவரை இழந்த அக்கா ஒருவர் முற்றத்துச் சீமெந்துத் தொட்டிகளில் அலங்கார மீன் வளர்க்கிறார். மீன்குஞ்சுகளுக்கு உயிருணவாகப் பொரிக்கவைக்கும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்க் கூனி இரண்டாம் நாளே செத்துவிடுகிறது என்றார். முட்டை டின்னின் விலை அவருக்குப் பெரிய தொகை.

பொரிக்கவைக்க லீற்றருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, 28 பாகை செல்சியஸ் அளவு வெப்பம், வெளிச்சம், இடைவிடாத காற்று வேண்டும். 24 முதல் 36 மணித்தியாலத்தில் பொரிக்கும். பின் காற்றை நிறுத்தினால் கோதுகள் மிதக்கும். அவற்றை நீக்குங்கள், மீன்குஞ்சின் குடலை அடைக்கக்கூடும்.

கூனிக்குஞ்சு முதல் அரை நாள் தன் கருவூணில் வாழும். பிறகு தீனியாக ஈஸ்ட் அல்லது ஸ்பிருலினாத் தூளைக் கரைத்து, நீர் இலேசாகக் கலங்கும் அளவு மட்டும் விடவேண்டும். நீர் தெளிந்த பின்பே அடுத்தது.

அக்காவின் போத்தலோ பால்போல வெளுத்திருந்தது. "பட்டினி விடக்கூடாதெண்டுதான் தம்பி கூடப் போட்டனான்" என்றார். மிஞ்சிய தீனி அழுகினால் ஒட்சிசன் குறையும், அமோனியா கூடும், கூனி சாகும்.

மின்தடையின்போது அகன்ற, ஆழமற்ற பாத்திரத்துக்கு மாற்றுங்கள். நன்னீரில் சில மணித்தியாலமே உயிர்வாழும் என்பதால், மீன்கள் உடனே தின்று முடிக்குமளவே இடுங்கள்.