கேட்ட தாளும் வாங்கிய தாளும்

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய மலாயாவின் இரப்பர் தோட்டங்களில் நாளிதழ் பெரும்பாலும் காதால் அறியப்பட்டது. எழுத்தறிந்த கிராணியோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ உரக்க வாசிக்க, பால்மரம் சீவித் திரும்பியவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டனர். 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசனா, 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய சுயமரியாதைச் சார்புடைய தமிழ் முரசா என்ற தெரிவு வாசிப்பவருடையதே அன்றிக் கேட்பவருடையதன்று.

தெரிவற்ற இந்தக் கேட்டலுக்கு இருந்த வலிமையை ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் வேறிடத்தில் கண்டறிந்தனர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1940ஆம் ஆண்டுத் தேர்தலை ஆராய்ந்த பால் லாசர்ஸ்ஃபெல்டு குழுவினர், வாக்காளர் பெரும்பாலும் தாம் ஏற்கெனவே சாய்ந்த பக்கத்தின் பிரசாரத்தையே நாடுவதைக் கண்டனர். இதனைத் தேர்ந்து நுகர்தல் எனலாம். ஆய்வுக்கூடத்தில் மனம் மாறுவோர் வெளியுலகில் ஏன் மாறுவதில்லை என்று 1959இல் வினவிய கார்ல் ஹோவ்லண்ட், கூடத்தில் விலகிச் செல்ல வழியில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சுட்டினார். கட்சிச் சார்புள்ள தொலைக்காட்சியை விட்டு வேறு நிகழ்ச்சிக்கு மாற வாய்ப்பளித்தால் அதன் தாக்கம் குறைவதை ஆர்சினோவும் ஜான்சனும் 2013இல் வெளியிட்ட நூலில் காட்டினர்.

மலாயாவின் கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் வேலைநிறுத்தத்தை நடத்திய இந்தியர் சங்கத்தின் தலைவர் ஆர். எச். நாதன் தமிழ் நேசனின் துணையாசிரியர் என்பது தற்செயலாக இருக்க முடியாது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலியோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிதல், கள்ளுக்கடை மூடல் ஆகியனவும் கோரப்பட்டன. மே மாதத்தில் நாதன் கைதானதும் கிளர்ச்சி பரவ, துப்பாக்கிச்சூட்டில் ஐவர் மாண்டனர். சினத்தைத் தந்தது தோட்ட வாழ்வுதான். ஆயினும் லயந்தோறும் சிதறிக் கிடந்த சினம் ஒரே குரலானதில், சேர்ந்து கேட்ட செய்திக்கும் பங்குண்டு என்று கொள்வதில் தவறில்லை.

1980களில் நிலை வேறு. மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலுவின் பக்கம் தமிழ் நேசனும், அவருடைய போட்டியாளர் சுப்பிரமணியத்தின் பக்கம் ஆதி குமணனின் தமிழ் ஓசையும் நின்றன. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தாள் கேட்பவர் தம் அணியையும் சொல்லிவிட்டே கேட்டார். இரு தாள்களின் வசைகளும் எதிரணியை அசைத்ததைவிடத் தத்தம் வாசகரை இறுக்கியதே மிகுதி எனத் தோன்றுகிறது.

அச்சு உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வைத்த 1984ஆம் ஆண்டுச் சட்டமோ தெரிவையே அரசின் கையில் வைத்தது. எதிர்க்கட்சிச் செய்திகளுக்கு இடமளித்த மக்கள் ஓசை நாளிதழின் உரிமத்தைப் புதுப்பிக்க 2008 ஏப்ரலில் மறுத்த உள்துறை அமைச்சு பின்னர் இணங்கியது. பணம் கொடுத்து வாங்குபவரைவிட, ஒட்டுக்கடை மேசையில் கிடப்பதைப் புரட்டுபவரே அதிகாரத்துக்குக் கவலையளித்திருக்க வேண்டும்.