பத்தியில் பதில் இல்லை

"கீழ்க்கண்ட பத்தியைப் படித்து, கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடையளி." இந்த வரியைப் பார்க்காமல் பள்ளிக்கூடம் தாண்டியவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஆங்கிலத் தேர்வில் 'காம்ப்ரிஹென்ஷன்' என்று சொல்வோமே, அதுதான். மனப்பாடம் பண்ண வேண்டாம், பத்தி கண்முன்னாலேயே இருக்கு, சும்மா கிடைக்கிற மார்க்கு என்று அதற்கு ஒரு பேர் உண்டு. அதற்கும் ஒரு வரலாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றியது கொஞ்சம் சுத்துவழியாக, சீனா வழியாக.

மென்பொருள் வேலையில் மொழி சம்பந்தமான ஒரு விஷயத்துக்காக 'ரேஸ்' என்ற தரவுத்தொகுப்பை எடுத்துப் பார்க்க வேண்டி வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டது. கிட்டத்தட்ட 28,000 பத்திகள், ஏறக்குறைய ஒரு லட்சம் கேள்விகள். எல்லாமே சீனாவில் 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக அங்குள்ள ஆங்கில ஆசிரியர்கள் தயாரித்த தேர்வுகளில் இருந்து எடுத்தவை. அப்போதிருந்த நல்ல மென்பொருள்கள் இதில் எடுத்தது 43%. மனிதரால் எட்டக்கூடிய உச்சம் 95% என்று கணக்கிட்டிருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அந்தப் பத்திகளையே வாசித்துக்கொண்டிருந்தேன். நாய்க்குட்டி தொலைந்த கதை, நூலக விதிமுறை, கடைசியில் "இந்தப் பத்திக்குப் பொருத்தமான தலைப்பு எது?"

சீனப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டில்லை. 'காவ்காவ்' என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வு கலாச்சாரப் புரட்சியில் நின்றுபோய், 1977இல் மறுபடி வந்தது. ஆங்கில மதிப்பெண்ணைப் படிப்படியாகத்தான் சேர்த்தார்கள். 1983இல்தான் முழுசாகக் கணக்கில் வந்தது. இப்போதுள்ள புதிய வினாத்தாளில் ஆங்கிலத்துக்கு 150, அதில் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 50. மூன்றில் ஒரு பங்கு! அதனால் மேல்நிலைப் பள்ளி மூன்று வருஷமும் தினமும் நாலு பத்தி, அஞ்சு பத்தி என்று பயிற்சி நடக்கிறது.

சரி, நம்ம ஊருக்கு இது எப்போ வந்தது?

நாஞ்சில் நாட்டில் ஆங்கிலப் படிப்பின் கதையை மயிலாடியில் தொடங்குவதுதான் வழக்கம். லண்டன் மிஷன் சார்பில் வந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். மயிலாடி வேதமாணிக்கத்தின் அழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. 1809இல் அங்கே கோயிலும் பள்ளிக்கூடமும். 1818இல் வந்த சார்லஸ் மீட் காலத்தில் மிஷனின் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறியது, செமினரி என்ற ஆங்கிலப் பள்ளி உருவானது. ராணி கௌரி பார்வதிபாய் தந்த பணத்தில் வயல் வாங்கி, அந்த வருமானத்தில் பள்ளியை நடத்தினார்கள். அதாவது நாஞ்சில் நாட்டு நெல்லு விளைந்த காசில் இங்கிலீஷ். எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்லணும். இந்த நாகர்கோவில் மிஷன் பள்ளியில் இருந்த ஜான் ராபர்ட்ஸ் 1834இல் திருவனந்தபுரம் போய் ஒரு ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். சுவாதித் திருநாள் மகாராஜா 1836இல் அதை அரசுப் பள்ளியாக்கினார். இன்றைய யுனிவர்சிட்டி காலேஜின் வேர் அதுதான். திருவனந்தபுரத்துக்காரங்ககிட்ட இதைச் சொன்னா அவ்வளவா ரசிக்க மாட்டாங்க, அது வேற விஷயம்.

அந்தக் காலத்தில் 'வாசிப்பு' என்றால் சத்தம் போட்டு வாசிப்பது. வாசி, சொல்லுக்குப் பொருள் சொல், இலக்கணம் பிரி, பாராமல் ஒப்பி. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்து மெட்ரிகுலேஷன் தேர்வு தொடங்கியதும் இந்த முறை இறுகிப்போனது. திருவிதாங்கூரும் சென்னையின் எல்லைக்குள்தான் இருந்தது. நாகர்கோவில் செமினரி 1893இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக உயர்ந்தபோதும் இணைப்பு சென்னையோடுதான். பாடநூல் முன்கூட்டியே தெரியும். அந்தப் பாடநூலுக்கு 'கீ' என்று ஒரு குட்டிப் புத்தகம் கடையில் கிடைக்கும். இன்றைய நோட்ஸுகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன். மாணவன் மூல நூலைத் தொடாமலேயே அதன் பொருளுரையை ஒப்பித்துத் தேர்வானான்.

கர்சன் பிரபுவுக்கு இது பெரிய உறுத்தல். 1902இல் தாமஸ் ராலே தலைமையில் அமைந்த இந்தியப் பல்கலைக்கழகக் குழு ஒரு துணிச்சலான பரிந்துரையைத் தந்தது. நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலத்தில் பாடநூலே குறிக்க வேண்டாம். மாணவன் முன்பு பார்த்திராத பத்தியைக் கொடு, புரிகிறதா என்று பார். 'காணாத பத்தி' நம் தேர்வில் கெட்டியாகக் கால் ஊன்றியது இப்படித்தான் என்பது என் வாசிப்பு. மனப்பாடத்தை ஒழிக்கக் கொண்டுவந்த ஆயுதம் அது.

ஆயுதம் பலித்ததா? இதற்கு அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். கான்சாஸில் ஃபிரெடரிக் கெல்லி என்பவர் 1915 வாக்கில் ஒரு மௌன வாசிப்புத் தேர்வை உருவாக்கினார். திருத்துபவரின் மனநிலைக்கு ஏற்ப மார்க்கு மாறக் கூடாது, நேரமும் மிச்சப்படணும் என்பது நோக்கம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை அதிலிருந்து பரவியதாகச் சொல்வார்கள். சீனாவில் 1980களின் நடுவில் குவாங்தோங் மாகாணத்தில் சோதித்துப் பார்த்து நாடு முழுக்கக் கொண்டுபோனதும் இந்த மரபின் பிள்ளைதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 1917இல் எட்வர்ட் தார்ன்டைக் எழுதிய கட்டுரை. பள்ளிக்கு வருவது எப்போது கட்டாயம், எப்போது விலக்கு என்று சொல்லும் ஒரு சின்னப் பத்தி. ஊர்ப் பெயர் ஃபிராங்க்ளின். "பத்தி எதைப் பற்றியது?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். சிலர் "ஃபிராங்க்ளின்" என்றே எழுதினார்கள். இன்னும் சிலர் எழுதியது அதைவிட விநோதம். தார்ன்டைக் அவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிடவில்லை. ஏதோ ஒரு சொல் பிள்ளையின் மனசில் அளவுக்கு மீறி எடை போட்டு, மற்ற சொற்களை அமுக்கிவிடுகிறது. வாசிப்பு என்பது ஒவ்வொரு சொல்லுக்கும் சரியான எடை கொடுக்கிற யோசனை வேலை என்றார். நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு, இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் இதே காலத்தில் டாக்காவில் மைக்கேல் வெஸ்ட் இருந்தார். 1926இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு சொல் வருகிறது: சரண்டர் வேல்யூ. எல்.ஐ.சி. பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கையில் என்ன வரும்? பெரும்பாலான பிள்ளைகள் பள்ளியைப் பாதியில் விடுகிறார்கள். பாதி கற்ற ஆங்கிலப் பேச்சால் பிரயோஜனமில்லை, பாதி கற்ற வாசிப்பால் உண்டு, அதனால் முதலில் வாசிக்கக் கற்றுக்கொடு என்றார். சொற்களை எண்ணிக் கட்டுப்படுத்தி அவர் எழுதிய ரீடர்கள் உலகம் முழுக்கப் போயின. சென்னை மாநிலம் பிற்பாடு எதிர்த்திசையில் போனது. 1959இல் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு பெரிய ஆசிரியர் பயிற்சி இயக்கம். ஒருவர் சிலருக்குக் கற்பிக்க, அவர்கள் இன்னும் சிலருக்கு என்று பனிப்பந்து மாதிரி உருண்டு சுமார் 27,000 ஆசிரியர்களை எட்டுவது இலக்கு. வாய்ப்பயிற்சி முதலில், வாசிப்பு பிறகு. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்திருந்தது. திருவிதாங்கூர் பாடத்திட்டத்தில் தொடங்கிய பிள்ளைகள் சென்னைப் பாடத்திட்டத்தில் முடித்த வருஷங்கள் அவை.

நான் படித்தது தொண்ணூறுகளில், இந்த மாவட்டத்தில் ஒரு பள்ளியில். பெயர் வேண்டாம். அங்கே எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட முறை இதுதான்: "ஏல மக்கா, கேள்வியில இருக்க வார்த்தைய பத்தியில தேடு. கிடைச்சா அந்த வரிய அப்படியே பாத்து எழுது. மார்க்கு வந்து விழும்." விழுந்தது. பத்தி திமிங்கிலத்தைப் பற்றியதா தேங்காயைப் பற்றியதா என்று தெரியாமலே அஞ்சுக்கு அஞ்சு எடுத்த பயலுவ உண்டு. மனப்பாடத்தை ஒழிக்க வந்த பத்தி, இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் கண் பார்வைச் சோதனையாக மாறியிருந்தது. ஆசிரியரைக் குறை சொல்லி என்ன பண்ண, அறுபது பேர் வகுப்பில் தேர்ச்சி விகிதம் காட்டணும்.

வேடிக்கை என்னவென்றால் மென்பொருளும் இதே வேலையைத்தான் செய்தது. ஸ்டான்ஃபோர்டில் 2016இல் 'ஸ்க்வாட்' என்றொரு வாசிப்புத் தேர்வை வெளியிட்டார்கள். மென்பொருள்கள் வெகு சீக்கிரம் நல்ல மார்க்கு எடுத்தன. அடுத்த வருஷம் ராபின் ஜியா, பெர்சி லியாங் இருவரும் ஒரு குறும்பு செய்தார்கள். பத்தியின் கடைசியில், கேள்வியில் உள்ள சொற்களையே போட்டு, விடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள். மனிதன் ஏமாற மாட்டான். பதினாறு மென்பொருள்களின் சராசரி 75இல் இருந்து 36க்கு விழுந்தது. எங்க கிளாஸும் விழுந்திருக்கும்.

2018இல் அதே ஸ்க்வாட்டின் இரண்டாம் பதிப்பில் 50,000க்கு மேல் புதிய கேள்விகள் சேர்ந்தன. எல்லாம் பத்தியில் விடை இல்லாத கேள்விகள். இருப்பது போலத் தோன்றும், இருக்காது. "தெரியாது" என்று சொல்லத் தெரிகிறதா என்பதுதான் சோதனை.

இந்த இடத்தில் என் மதினி ஞாபகம் வந்தாள். அவள் நர்ஸ். நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருப்பது புதுசில்லை. இங்கிலாந்துக்குப் போக ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் வாசிப்பில் 7 வேணும். 60 நிமிஷம், 40 கேள்வி. மதினி இரண்டு தடவை ஆறரையில் நின்றாள். பயிற்சித்தாளை வாங்கிப் பார்த்தேன். தவறுகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. ஒரு கூற்றைக் கொடுத்து 'சரி', 'தவறு', 'சொல்லப்படவில்லை' என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கிற கேள்வி. 'சொல்லப்படவில்லை' என்பதை அவள் ஒரு தடவைகூடக் குறிக்கவில்லை.

"தம்பி, பதில் இல்லேன்னு ஒரு பதிலா? எங்க சாருகிட்ட அப்படி எழுதிக் கொடுத்தா பிரம்பாலதான் கிடைக்கும்" என்றாள்.

2011 கணக்கெடுப்பில் 91.75% எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பும் நான்கு வருஷம் பி.எஸ்சி. நர்சிங்கும் ஆங்கிலத்தில் எழுதித் தேர்வானவள். மருந்துச் சீட்டையும் கேஸ் ஷீட்டையும் தப்பில்லாமல் வாசிக்கிறாள். கேஸ் ஷீட்டில் ஒரு விவரம் இல்லையென்றால் டாக்டரிடம் கேட்கவும் அவளுக்குத் தெரியும். வார்டில் அதைத் தினமும் செய்கிறாள். பரீட்சைத் தாளில் மட்டும் கை வரவில்லை. அதற்கு அவள் கொடுத்த விலை இரண்டு தேர்வுக் கட்டணமும் ஒன்றரை வருஷமும். மூன்றாம் தடவைக்கு நாங்கள் செய்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: தினமும் ஒரு பத்தியை வாசித்துவிட்டு, அதில் சொல்லாத நாலு விஷயத்தை அவள் சொல்ல வேண்டும். வாசிப்பில் ஏழரை வந்தது.

நாஞ்சில் நாட்டில் ஆங்கிலத்தை நன்றாக வாசித்தவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். தேரூர் கவிமணி போதும். 1876இல் பிறந்தவர், பள்ளியில் மலையாளம் கற்று, சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் கற்று, ஆசிரியராக வேலை பார்த்தவர். எட்வின் அர்னால்டின் ஆங்கிலக் காவியத்தை 'ஆசிய ஜோதி' ஆக்கினார், ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாக உமர் கய்யாமைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி இந்த வேலையைச் செய்ய முடியாது. மூலத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒவ்வொரு அடியிலும் தீர்மானிக்காமல் ஒரு வரி நகராது. மொழிபெயர்ப்பைப் பழைய முறை என்று வகுப்பறையில் இருந்து துரத்திவிட்டோம். அதோடு போனது என்ன என்று யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. என் கட்சி, அது திரும்பி வரணும். வாரத்துக்கு ஒரு பத்தி போதும்.

அடுத்த குறிப்பில் பழைய வினாத்தாள்களையே வருஷவாரியாக எடுத்து, எத்தனை கேள்விகள் வெறும் சொல்தேடலில் தீர்கின்றன என்று ஒரு சின்ன நிரல் எழுதி எண்ணப் போகிறேன். 1956க்கு முந்தைய திருவிதாங்கூர் ஆங்கிலத் தாள்கள், அல்லது அறுபதுகளின் எஸ்.எஸ்.எல்.சி. தாள்கள் உங்க வீட்டுப் பரணில் தாத்தா டிரங்குப் பெட்டியில் கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன்பு போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்க. கரையான் அரிச்சிருந்தாலும் பரவாயில்லை, கேள்வி தெரிந்தால் போதும்.