மௌனம் யாருடைய சொத்து?

மேடையில் மௌனம் என்றதும் நமக்கு பெக்கெட்டும் பின்ட்டரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். 'இருப்பின் வெறுமை' என்று ஒரு வாக்கியம் எழுதி விஷயத்தை முடித்துவிடுகிறோம். ஹாஸ்ய நாடகத்தில் மௌனத்துக்கு வேறொரு சரித்திரம் உண்டு. அது தத்துவத்தில் அல்ல, கோர்ட்டு வழக்கில் தொடங்குகிறது.

1680இல் ஏற்பட்ட கொமெடி பிரான்ஸேஸ், பாரிஸில் பிரெஞ்சு வசன நாடகத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. பாட்டு, ஆபரா ஸ்தாபனத்தின் சொத்து. 1697இல் பதினான்காம் லூயி இத்தாலிய நடிகர்களின் அரங்கை மூடி அவர்களை வெளியேற்றினான். அவர்கள் விட்டுப்போன கோமாளிப் பாத்திரங்களைச் சந்தைக் கொட்டகைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஸ்தாபனம் வழக்காடியது. உரையாடல் கூடாது என்று தடை வந்தது. ஒருவன் பேச, மற்றவன் சைகையில் பதில் சொன்னான். தனிப்பேச்சுக்கும் தடை வந்தது. 1710ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடிகர்கள் வாயை மூடிக்கொண்டு, வசனம் எழுதிய சுருள்களைப் பையிலிருந்து எடுத்து விரித்தார்கள். பிறகு எழுத்துப் பலகைகள் மேலிருந்து இறங்கின. தெரிந்த மெட்டை வாத்தியக்காரர்கள் தொடங்கினார்கள்; பாடியது சபை. தடை நடிகனுக்குத்தானே!

மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 2015இல், நியூயார்க்கின் ஆர்ஸ் நோவா அரங்கில் பெஸ் வோலின் 'ஸ்மால் மௌத் சவுண்ட்ஸ்' மேடையேறியது. இயக்கியவர் ரேச்சல் சாவ்கின். ஆறு பேர் ஒரு மௌனத் தியான முகாமுக்கு வருகிறார்கள். இந்தத் தடையை அரசன் விதிக்கவில்லை. இவர்களே தேடி வந்து ஏற்றுக்கொள்கிறார்கள். பெருமூச்சு, விசும்பல், அடக்கிய சிரிப்பு இவைதான் வசனம். சந்தைக் கொட்டகையில் பலகை இருந்தது. இங்கே அதுவும் இல்லை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் நாமே ஒரு பலகையை எழுதிக்கொள்கிறோம். அது தப்பாகிறபோது சிரிப்பு வருகிறது. மௌனத்தில் மனிதன் தெளிவாகத் தெரிவான் என்ற நம் நம்பிக்கைக்கு விழும் அடி இது.

முகாமில் பேசும் உரிமை ஒருவருக்குத்தான். குரு. அவருக்கு முகம் இல்லை. ஒலிபெருக்கியில் வரும் குரல் மட்டும். மற்றவர்களின் துயரத்தைத் தீர்க்க வந்த அந்தக் குரலிலேயே அவருடைய சொந்தச் சங்கடங்கள் கசிகின்றன. கேள்வி கேட்க அனுமதி கிடைத்ததும் நெட் என்பவன் தன் வாழ்வின் நாசம் முழுவதையும் கொட்டிவிடுகிறான். வாய் திறந்தும் அவனுக்கு விமோசனம் இல்லை. இந்த இடத்தில் வோல் பேச்சின் கட்சியிலும் இல்லை, மௌனத்தின் கட்சியிலும் இல்லை. நாடகத்தின் பலம் இதுதான்.

பாரிஸ் கோமாளியிடமிருந்து பேச்சு பிடுங்கப்பட்டது. முகாமுக்கு வந்தவன் அதைத் தானே கழற்றி வைக்கிறான். வேண்டும்போது எடுத்து மாட்டிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். மௌனத்தைச் சிலாகித்து நாம் எழுதிவருகிற கட்டுரைகளில் இந்த வித்தியாசம் இல்லை. சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அளந்தோம்; யார் வாயை யார் மூடியது என்று விசாரிக்கவில்லை. வாய் மூடப்பட்டவன் சார்பில் அன்று ஒரு சந்தைச் சபை பாடியது. விமர்சகனுக்கு அந்தக் காரியம் இன்னும் பாக்கி இருக்கிறது.