முதல் நீண்ட படகுப் பயணமா? கிளம்பும் முன் இதையெல்லாம் பாருங்க!

1965 ஆகஸ்ட் 17. இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்கு ஒரு குட்டிப் பாய்மரப் படகு வந்து சேர்ந்தது. பெயர் டிங்கர்பெல். நீளம் வெறும் பதிமூன்றரை அடி. அமெரிக்காவிலிருந்து 78 நாள்கள் தன்னந்தனியாக அதை ஓட்டி வந்தவர் ராபர்ட் மான்ரி. கிளீவ்லாந்து நாளிதழ் ஒன்றில் செய்திகளைத் திருத்தும் வேலை அவருக்கு.

'சரியான அசட்டுத் துணிச்சல்'னு தோணுதா? அவர் செய்த தயாரிப்பைப் பாருங்கள். பழைய திறந்த படகுக்குத் தன் கையாலேயே கேபின் கட்டினார். கவிழ்ந்தாலும் மூழ்காதபடி உள்ளே ஃபோம் அடைத்தார். ஈரி ஏரியில் பல வருடங்கள் ஓட்டிப் பழகினார். முக்கியமாக, தன்னைப் படகோடு ஒரு கயிற்றால் பிணைத்துக்கொண்டார். நடுக்கடலில் அலைகள் பலமுறை அவரைத் தூக்கி வீசின. ஒவ்வொரு முறையும் அந்தக் கயிறுதான் அவரைக் காப்பாற்றியது.

நாம் அட்லான்டிக் எல்லாம் போக வேண்டாம். சின்ன கேபின் படகில் நாலைந்து நாள் கடலோரமாகப் போவதற்கும் இதே பாடம்தான்.

ஓட்டைகளை எண்ணுங்கள்

படகைக் கரையேற்றியதும் முதல் வேலை இது. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், சிங்க், டாய்லெட் என ஒவ்வொன்றுக்கும் படகின் உடலில் ஒரு துளை இருக்கும். அதற்கொரு வால்வும் இருக்கும். ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடிப் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் சரிசெய்யாமல் கிளம்பாதீர்கள். ஒவ்வொரு வால்வுக்கும் அருகில் அதன் அளவுக்கேற்ற மரக்கட்டை அடைப்பான் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். குழாய் பிய்த்துக்கொண்டால், தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

டேங்கின் அடியில் தூங்கும் கசடு

துறைமுகத்துக்குள் சமர்த்தாக ஓடிய இன்ஜின், கடல் கொந்தளிக்கும்போது மட்டும் ஏன் நிற்கிறது? டேங்கின் அடியில் வருடக்கணக்கில் படிந்திருக்கும் கசடு, படகு குலுங்கும்போது கிளம்பி வந்து ஃபில்டரை அடைத்துவிடும். அதனால் டேங்கைச் சுத்தம் செய்யுங்கள். கூடுதல் ஃபில்டர் வைத்திருந்தால் மட்டும் போதாது, அதை மாற்றவும் பழகுங்கள். டீசல் இன்ஜின் என்றால், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றவும் தெரிய வேண்டும். எரிபொருள் கணக்கு எளிது: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு.

கேபினுக்குள் கவனம்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகில் அது பில்ஜ் எனப்படும் அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கிவிடும். பிறகு ஒரு தீப்பொறி போதும். சமைத்து முடித்ததும் சிலிண்டர் வால்வையே மூடுவதைப் பழக்கமாக்குங்கள். குளிருக்காக எல்லாவற்றையும் மூடிக்கொண்டு அடுப்பை எரியவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் ஒன்றை மாட்டுங்கள். குடிதண்ணீரை ஒரே டேங்கில் வைக்காமல் தனித்தனி கேன்களிலும் பிரித்து வையுங்கள்.

கரையில் ஒரு ஆள்

எங்கிருந்து எங்கே, யார் யார், எப்போது திரும்புவோம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் கடலோரக் காவல் படையைக் கூப்பிட வேண்டும்... எல்லாவற்றையும் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். கரையைவிட்டுத் தள்ளிப் போனால் மொபைலை நம்ப முடியாது. விஎச்எஃப் ரேடியோவில் 16-வது சேனல்தான் உலகம் முழுக்க அவசர அழைப்புக்கானது. அதில் பேசுவது எப்படி என்று படகில் வரும் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஒரு ராத்திரி ஒத்திகை

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, பக்கத்திலேயே எங்காவது நங்கூரமிட்டு ஒரு இரவு படகிலேயே தங்குங்கள். சமையுங்கள், தூங்குங்கள், இருட்டில் டார்ச்சைத் தேடிப்பாருங்கள். எது ஒழுகுது, எந்தப் பொருள் உருளுது, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குது, எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

மறுநாள் காலையில் ஒரு மிதவையைத் தண்ணீரில் வீசுங்கள். 'அது நான்தான், என்னை எடுங்க'னு சொல்லிவிட்டு, கை கட்டி உட்காருங்கள். உங்கள் மனைவியோ நண்பரோ இன்ஜினைக் கிளப்பி, படகைத் திருப்பி, அதை எடுக்கிறார்களா? முடியவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஏனென்றால், படகு ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டால், மேலே இருப்பவர்கள் வெறும் பார்வையாளர்கள்தான்.

அதுவரை? லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். மான்ரியைப் போல, கயிற்றையும் மாட்டிக்கொள்ளுங்கள்!